மக்காச்சோள ரோடும் வெட்டின கரும்புக் கொல்லையும்

இந்த ஆண்டு பயிற்றுநர் உரிமம் பெற்று, இடப்பக்க இருக்கையிலிருந்து வலப்பக்க இருக்கைக்கு மாறியிருக்கும் உங்களுக்கு என் வாழ்த்துகள். பள்ளியின் ஆண்டு மலருக்கு அனுபவம் எதையாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். செவித்திறன் பரிசோதனையில் தேறாததால் ஐம்பத்து மூன்று வயதிலேயே பறப்பதை நிறுத்திக்கொண்டவள் நான். பறந்து இறங்கிய ஒவ்வொரு நாளும் நடந்ததை அன்றைக்கே எழுதி வைப்பது என் பழக்கம். ஆகவே இதில் மிகைப்படுத்தல் இருக்காது. இன்ஜின் நின்றால் எந்த வேகத்தில் மிதக்க வேண்டும், எந்த வால்வை எப்போது மூட வேண்டும் என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கின்றன. அவற்றை இங்கே திருப்பிச் சொல்லப்போவதில்லை.

நம் தொழிலின் ஆரம்ப காலத்து விபத்துகளைப் பற்றி நான் நிறைய வாசித்திருக்கிறேன். மரமும் துணியும் கம்பியும் சேர்த்துக் கட்டிய விமானம், ஒரே ப்ரொப்பல்லர், ஒரே இருக்கை. இன்ஜின் நின்றால் ஓட்டுகிறவர் தனியாகக் கீழே பார்த்தார், தனியாக இடம் தேடினார், பிழைத்தால் தனியாகவே நடந்து வந்தார். பிறகு இரண்டாவது இருக்கை வந்தது. இரண்டு கண்கள் கூடுதலாகக் கிடைத்ததால் விபத்து குறைந்திருக்க வேண்டும். பல நேரங்களில் அப்படி ஆகவில்லை. பக்கத்தில் இருந்தவர் கம்பியைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், ஓட்டுகிறவருக்கும் தெரிந்திருக்கும் என்று வாயை மூடிக்கொண்டார். அந்தப் பழைய கதைகளை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றியது இதுதான்: இரண்டாவது இருக்கையை உண்டாக்கியவர்கள் அதில் உட்காருகிறவர் எப்படிப் பேச வேண்டும் என்பதையும் சேர்த்து உண்டாக்கியிருக்கலாம்.

அதை எனக்குக் கற்றுக்கொடுத்த நாளைப் பற்றித்தான் இது. கற்றுக்கொடுத்தவரின் பெயரைச் சொல்லமாட்டேன். அவருக்கு அது பிடிக்காது.

பயிற்றுநர் தேர்வு எப்படி நடக்கும் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். தேர்வு எழுதுகிறவர் வலப்பக்கம் உட்கார்ந்து ஆசிரியராக இருப்பார். தேர்வாளர் இடப்பக்கம் உட்கார்ந்து மாணவனாக நடிப்பார். என் தேர்வாளர் நன்றாக நடிப்பார். விமானப்படையில் இருந்து வந்தவர், நரைத்த மீசை, மடிப்புக் கலையாத சட்டை. ஏறி உட்கார்ந்ததும் பெல்ட்டை வேண்டுமென்றே முறுக்கி மாட்டிக்கொண்டு, நான் கவனிக்கிறேனா என்று பார்த்தார். கவனித்துச் சரிசெய்தேன். உயரத்தைத் தவறவிட்டார், திசையைத் தவறவிட்டார், எதற்கு இந்தக் கடிகாரம் என்று அப்பாவி போலக் கேட்டார். நானும் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

தை மாதக் கடைசி. வானம் சுத்தமாக இருந்தது. கல்வராயன் மலையை இடப்பக்கம் வைத்துக்கொண்டு, அடிவாரத்தை ஒட்டி வடக்கே போய்க்கொண்டிருந்தோம். தரையிலிருந்து மூவாயிரம் அடி உயரம் இருக்கும். கோமுகி அணை எங்களுக்குக் கீழே வந்து பின்னால் போனபோது இன்ஜின் ஒரு முறை கனைத்தது. பிறகு விமானம் முழுவதும் உதறியது. பிறகு சத்தம் அடங்கி, காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது.

எனக்குப் பயம் வரவில்லை. சிரிப்புதான் வந்தது. தேர்வாளர்கள் இப்படித் திடீரென்று இன்ஜினைக் குறைத்துவிட்டு, இப்போது என்ன செய்வாய் என்று பார்ப்பது வழக்கம். நான் ஆசிரியரின் குரலில், "பயப்படாம மூக்கைக் கீழ இறக்குங்க, மிதக்கற வேகத்தைப் பிடிங்க" என்று ஆரம்பித்தேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். நடிப்பு முகத்திலிருந்து போய்விட்டிருந்தது.

"இது நான் பண்ணலம்மா" என்றார்.

அடுத்த நொடியே, "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்று சொல்லி விமானத்தை எடுத்துக்கொண்டார். நானும் கையை எடுத்தேன். அதுதான் முறை. இரண்டு பேரில் மூத்தவர் அவர், அனுபவத்தில் என்னைவிடப் பல மடங்கு பெரியவர். அவர் கைகள் ஒரு பதற்றமும் இல்லாமல் வேலை செய்தன. வேகத்தைப் பிடித்தார். எரிபொருள் டாங்கை மாற்றிப் பார்த்தார். இன்ஜினை மறுபடி கிளப்பப் பார்த்தார். அது கிளம்பவில்லை. எங்களிடம் இருந்தது மொத்தமாக மூன்று, நான்கு நிமிடம்.

அவர் முன்னால் இடப்பக்கமாகக் கையை நீட்டினார். "ரோடு. அங்க பாருங்க, மஞ்சளா ஒரு பட்டை. நேரா இருக்கு, வண்டி எதுவும் இல்ல. மின்கம்பமெல்லாம் ஒரே பக்கம்தான். அங்க இறக்கறேன்."

நானும் பார்த்தேன். கச்சிராயபாளையத்தைத் தாண்டிப் போகும் ரோடு. கறுப்புத் தாரின் ஒரு பாதியில் பொன் மஞ்சளாக நீளமான ஒரு பட்டை, அளவெடுத்துப் போட்டது போல. மேலிருந்து பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. எந்த விமானியாக இருந்தாலும் அதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார். அவர் கணக்கில் ஒரு தவறும் இல்லை.

ஆனால் என் சொந்த ஊர் சங்கராபுரத்துக்குப் பக்கம். அந்த மஞ்சள் என்ன என்று எனக்குத் தெரியும். மக்காச்சோளம். அறுத்து, மணியை உதிர்த்து, காய வைக்கக் களம் போதாமல் எங்கள் பக்கம் எல்லோரும் தார் ரோட்டில்தான் கொட்டுவோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் என்னையும் என் அண்ணனையும் அப்பா அங்கேதான் அனுப்புவார். வண்டிக்காரர்கள் மேலே ஏற்றாமல் இருக்க, சோளத்தின் ஓரம் முழுக்கத் தலையளவு கல்லாகப் பொறுக்கி வரிசையாக அடுக்குவோம். மூவாயிரம் அடியிலிருந்து அந்தக் கல் தெரியாது. இன்னொன்றும் தெரியாது. காய்கிற சோளத்தைத் தனியாக விட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள். மாடு மேயும், கோழி கிளறும். ஒரு குடையைக் கட்டிக்கொண்டு அதன் நிழலில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். பள்ளிக்கூடம் போகாத சின்னப் பிள்ளை இருந்தால் அதுவும் அங்கேதான் தூங்கும்.

இதை அவரிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னது இப்படி: "சார், இந்தப் பக்கம் எப்பவும் அறுவடை சமயத்துல என்ன பண்ணுவாங்கன்னா..."

அவர் காதில் அது விழவே இல்லை. விழுந்திருந்தாலும் நின்றிருக்காது. இறங்குகிற விமானத்தில் ஊர் வழக்கத்தை யார் கேட்பார்கள்? அவர் ரோட்டை நோக்கித் திருப்ப ஆரம்பித்துவிட்டார்.

வாக்கியத்தைப் பாதியில் விட்டேன். மனதில் இருந்ததில் அவருக்கு இப்போது எது வேண்டும் என்று மட்டும் யோசித்தேன். காரணம் வேண்டாம். ஆபத்து என்ன என்று ஒன்று, போக வேண்டிய இடம் எது என்று ஒன்று, அவ்வளவு போதும்.

"சார். ரோட்டுல ஆளுங்க இருக்காங்க. கல்லு அடுக்கியிருக்கு. வலது பக்கம் கரும்பு வெட்டின கொல்லை இருக்கு. அங்க போவோம்."

அவர் தலையைத் திருப்பி என்னைத் தாண்டிப் பார்க்க முயன்றார். அந்தப் பக்கத்தை நானும் கதவும் இறக்கையும் மறைத்துக்கொண்டிருந்தோம்.

"எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியுதா?"

"தெரியுது சார்."

"நிச்சயமா?"

"நிச்சயமா சார்."

"யூ ஹேவ் கண்ட்ரோல்" என்றார்.

இங்கே ஒரு நிமிடம் நிற்கிறேன். நீங்களும் நில்லுங்கள். அவருக்கு அந்த இடம் தெரியவில்லை. எனக்கு அன்று ஆசிரியர் உரிமம்கூடக் கிடையாது. தன் உயிரை, தான் மதிப்பெண் போட வந்த ஒருத்தியின் கையில் கொடுத்துவிட்டு, அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு முறைகூட அந்தக் கை என் பக்கம் வரவில்லை. ரேடியோவில் எங்கள் இடத்தைச் சொன்னார், எரிபொருளை மூடினார், இரண்டு கதவுகளையும் திறந்து வைத்தார். பக்கத்தில் இருக்கிறவர் பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்று முதலில் சொன்னேன். அது பாதிதான். கேட்டதும் கொடுத்துவிட்டு, கொடுத்த பிறகு சும்மா இருக்கவும் தெரிந்திருக்க வேண்டும். என் பணிக்காலத்தில் முதலாவதைச் செய்தவர்கள் பலரைப் பார்த்தேன். இரண்டாவதைச் செய்தவர்கள் மிகவும் கொஞ்சம் பேர்.

விமானம் என் கைக்கு வந்தபோது நான்கு கொல்லைகள் தெரிந்தன. ஒன்றில் கரும்பு நின்றது. பச்சையாக மெத்தை மாதிரி தெரியும். நம்பாதீர்கள், ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த கழிகள் அவை. ஒன்றில் வெட்டு நடந்துகொண்டிருந்தது, ஓரத்தில் டிராக்டர் நின்றது. மீதி இரண்டும் வெட்டி முடித்தவை. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருந்தன, ஒன்றில்தான் பார்கள், அதாவது கரும்பு நடும் மேடு பள்ள வரிசைகள், எங்களுக்கு நேராக ஓடின. மற்றதில் குறுக்கே ஓடின. கரும்புக்குப் போட்ட பாரைக் குறுக்கே கடந்தால் முன்சக்கரம் முதல் பள்ளத்திலேயே மாட்டி, விமானம் குட்டிக்கரணம் போடும். பக்கத்துக் கொல்லையில் யாரோ சோகையை, அதாவது வெட்டியபின் கிடக்கும் காய்ந்த கரும்புத் தோகையை, கொளுத்தியிருந்தார்கள். அந்தப் புகை மலைப் பக்கமாகச் சாய்ந்து காற்று எங்கிருந்து வருகிறது என்று காட்டியது. நேராகப் பார் ஓடிய கொல்லையில் அந்தக் காற்றை எதிர்த்து இறங்கலாம்.

இன்னொன்று மிச்சம் இருந்தது. கிணறு. எங்கள் பக்கம் கரும்புக் கொல்லையில் கிணறு இல்லாமல் இருக்காது, பலவற்றுக்குச் சுற்றுச்சுவரும் இருக்காது. கிணற்றைத் தேடாமல், தென்னை மரத்தைத் தேடினேன். மோட்டார் கொட்டகையும் இரண்டு தென்னையும் வடகிழக்கு மூலையில் நின்றன. அப்படியானால் கிணறு அங்கே. நான் அதற்கு எதிர் ஓரத்தை ஒட்டி இறங்க வேண்டும்.

உயரம் அதிகமாக இருந்தது. பக்கவாட்டில் சரித்து இறக்கினேன். நின்றிருந்த கரும்பின் தலைகள் சக்கரத்துக்குக் கீழே ஓடின. அவை முடிந்த இடத்தில் விமானத்தை அமர்த்தினேன். சக்கரங்கள் பள்ளத்தில் விழுந்து, தண்டவாளத்தில் ஓடுவது போல ஓடின. சோகை பறந்து கண்ணாடியை மூடிவிட்டது. கடைசியில் முன்சக்கரத்தின் கால் மடங்கியது, ப்ரொப்பல்லர் மண்ணைக் குத்தியது, இடப்பக்க இறக்கையின் நுனி தரையில் இடித்தது. நின்றுவிட்டோம். தென்னை மரங்கள் இடப்பக்கம், நல்ல தூரத்தில் நின்றன.

அவருக்கு உதட்டில் ஒரு கீறல். எனக்கு ஒன்றுமே இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு இருவரும் இறங்கி ஓடினோம்.

இளையவர்கள் சறுக்குகிற இடம் இது என்பதால் இதையும் சொல்கிறேன். தரையில் நின்றவுடன் வேலை முடிந்தது என்று மனம் சொல்லும். இறக்கையிலிருந்து பெட்ரோல் சொட்டுவதை அவர் பார்த்து எனக்குக் காட்டினார். காலடியில் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த சோகை. அதே நேரத்தில் வரப்பின் மேல் ஓர் ஆள் வேகமாக எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். அவர் கையில் எண்ணெயில் நனைத்த துணி சுற்றிய கம்பு, அதன் நுனியில் நெருப்பு. எனக்குக் காற்றைக் காட்டிய புகை அவர் வைத்ததுதான். அதை முடித்துவிட்டு இந்தக் கொல்லைக்கு வந்துகொண்டிருந்திருக்கிறார். எங்களைக் கண்டு உதவிக்கு ஓடி வருகிறவருக்குக் கையில் நெருப்பு இருப்பதே மறந்துபோயிருந்தது.

வேலையில் நான் பேசுகிற தமிழ் வேறு, வீட்டில் பேசுவது வேறு. அப்போது வாயில் வந்தது வீட்டுப் பேச்சு.

"அண்ணே, அங்கயே நில்லுங்க. பெட்ரோலு ஒழுவிகினு கீது. நெருப்ப வாய்க்கால்ல போடுங்க."

அவர் சட்டென்று நின்று, கம்பை வரப்பை ஒட்டி ஓடிய வாய்க்கால் தண்ணீரில் செருகினார். புகை ஒரு முறை எழுந்து அடங்கியது. பிறகு வெறுங்கையோடு வந்தார். கொல்லைக்காரர் அவர்தான்.

"சோகைய கொளுத்தத்தாம்மா வந்துகினு இருந்தேன். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா இன்னா ஆயிருக்கும்?" என்றார். சொல்லிவிட்டு, சக்கரம் போன தடத்தைத் திரும்பிப் பார்த்தார். "பார் கலையவே இல்லியே. நம்ம டிராக்டர்காரன்கூட இப்டி ஓட்டமாட்டான்."

பக்கத்துக் கொல்லையில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் வந்து சேர்ந்தார்கள். மலையிலிருந்து கூலி வேலைக்கு இறங்கி வந்த குடும்பங்கள். சுற்றிலும் ஊர்களிலிருந்து இரண்டு சக்கர வண்டிகளில் ஆட்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். ஒருவர் வாயில் பீடி. நான் எத்தனை பேரை நிறுத்த முடியும்? வெட்டுக்காரப் பெண் ஒருத்தியிடம், சுற்றி யாரும் கிட்டே வராமல் ஏதாவது கட்ட வேண்டும் என்றேன். கரும்புக் கட்டைக் கட்டுவதற்குக் கொழுந்தாடையை, கரும்பின் பச்சை நுனித் தோகையை, முறுக்கிக் கயிறாக்குவது அவர்களுக்குப் பழகிய வேலை. நாலைந்து பேர் உட்கார்ந்து முறுக்கினார்கள், ஒருவர் கழிகளை நட்டார். நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் விமானத்தைச் சுற்றிப் பச்சைக் கயிற்றில் ஒரு வேலி எழுந்துவிட்டது. பீடிக்காரரை அந்தப் பெண்ணே விரட்டினாள். அவள் பயன்படுத்திய வார்த்தைகள் ஆண்டு மலருக்கு ஆகாது.

வேலி கட்டி முடித்ததும் அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஓட்டினது யாரு, நீயா, அவரா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார்: "அவங்கதாம்மா. நான் சும்மா உக்காந்து வந்தேன்."

"பாத்தாலே தெரியுது. உன் மூஞ்சிதான் வெளுத்துப் போய்க் கீது" என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

பள்ளிக்கு போன் செய்தோம். வண்டி வர மாலை ஆகும் என்றார்கள். போலீஸ்காரர்கள் வந்து விமானத்துக்குக் காவல் நின்ற பிறகு, வண்டி சுலபமாகக் கண்டுபிடிக்கட்டும் என்று நாங்கள் ரோட்டுக்கு நடந்தோம். வரப்பில் போகும்போது, என் தேர்வு என்ன ஆயிற்று என்று கேட்டேன். கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனாலும் தெரிய வேண்டும் இல்லையா.

"செல்லாது" என்றார்.

நான் நின்றுவிட்டேன்.

"இன்ஜின் நின்னதும் நான் ஸ்டூடண்ட் மாதிரி நடிக்கறத விட்டுட்டேன். ஸ்டூடண்ட் இல்லாம டீச்சருக்கு எப்படிம்மா மார்க் போடறது? வேற விமானத்துல மறுபடி வைக்கறேன்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு சேர்த்துச் சொன்னார்: "ஆனா ஒண்ணு. அன்னைக்கி நீங்க பாஸ் பண்ணாலும் பெயிலானாலும், எனக்கு ஒரு கஷ்டம்னா பக்கத்து சீட்டுல நீங்க இருக்கணும்."

அந்த வாரமே தேர்வை வைத்தார். முறுக்கின பெல்ட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். தேறினேன். அந்த விமானமும் இறக்கையைக் கழற்றி லாரியில் போய், புது முன்காலும் வேறு இன்ஜினும் பூட்டிக்கொண்டு பல ஆண்டுகள் பறந்தது. அதில் நான் தனியாகப் பறக்க அனுப்பிய மாணவர்கள் இன்று பெரிய விமானங்களை ஓட்டுகிறார்கள்.

ஆனால் அன்று மாலை ரோட்டில் நடந்ததைச் சொல்லாவிட்டால் இது முடியாது.

வரப்பிலிருந்து மேலே ஏறியதும் சோளம் கண்ணுக்கு எதிரே விரிந்தது. பாதி ரோடு மஞ்சள். ஓரத்தில் நெடுகக் கல், வரிசை பிசகாமல். நடுவில் ஒரு கறுப்புக் குடை, கட்டில் கால் மாதிரி ஒரு கழியில் கட்டியிருந்தது. குடை நிழலில் இரண்டு வயது இருக்கும் ஒரு பெண்குழந்தை சாக்கின் மேல் தூங்கிக்கொண்டிருந்தது. தாய் சோளத்துக்குள் வெறுங்காலோடு இறங்கி, காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து மணியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

அவர் அந்தக் கல் வரிசையைப் பார்த்தார். ஒரு கல்லைக் குனிந்து தூக்கிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே சரியாக வைத்தார். பிறகு குடையின் பக்கத்தில் போய், குழந்தையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

அந்தப் பெண் கிளறுவதை நிறுத்தவில்லை. "நீங்கதான் அந்த பிளேன்ல வந்தவங்களா? நேரா எங்க மேல வர்ற மாதிரியே இருந்திச்சி சார். எந்திரிக்கக்கூட தோணல எனக்கு. அப்புறம் அந்தாண்ட திரும்பிக்கிச்சி."

"ஆமாம்மா" என்றார் அவர். "திருப்பினது இவங்க. இந்தப் பக்கத்துப் பொண்ணுதான்."

அவள் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். "நல்ல வேலை பண்ண. இங்க வந்து வுழுந்திருந்தா சோளமெல்லாம் செதறிப் போயிருக்கும். யாரு பொறுக்கறது?"

நாள் முழுக்கச் சிரிக்காத மனிதர் அப்போது சிரித்தார். சிரித்துக்கொண்டே, கண்ணைத் துடைத்துக்கொண்டே, அவளிடம் ஏதோ சொல்ல முன்னால் போனார். போகிற அவசரத்தில் சோளத்தின் ஓரத்தில் கால் வைத்துவிட்டார்.

"பூட்சோட மெறிக்காதீங்க சார்" என்றாள் அவள். "கழட்டிட்டு வாங்க. வந்ததுக்குக் கிளறினாப்லயாவது ஆவும்."

அவர் ரோட்டில் உட்கார்ந்து பூட்ஸையும் காலுறையையும் கழற்றி ஓரமாக வைத்தார். மடிப்புக் கலையாத காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டார். பிறகு சோளத்தில் இறங்கி, அவள் காட்டிக்கொடுத்தபடி காலைத் தேய்த்துத் தேய்த்து, குழந்தை எழுந்துவிடாமல் குடையைச் சுற்றிக்கொண்டு, அந்த மஞ்சள் பட்டையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நடந்தார். நானும் என் பூட்ஸைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்து வரிசையைப் பிடித்துக்கொண்டேன்.